பட்டறிவும் கேள்வியும்: யூதப் பேரழிப்பில் உயிர்தப்பியோர் கூற்றும் இளையோர் மறுமொழியும்

1. முன்னுரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனியும் அதன் துணையாளர்களும் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்களைக் கொன்றனர். அப்பேரழிப்பில் உயிர்தப்பியோர் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இளையோர் முன் தோன்றித் தாம் பட்டதைக் கூறுவது, கடந்த அரை நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் ஒரு கல்வி மரபாக நிலைபெற்றது. அம்மரபு இன்று முடிவை நெருங்குகிறது. உயிர்தப்பியோரின் இழப்பீட்டுக்காகப் பணியாற்றும் கிளெய்ம்ஸ் கான்பரன்ஸ் என்னும் அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்கின்படி, அப்போது உலகில் உயிருடன் இருந்தோர் ஏறத்தாழ 2,45,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் போர் முடிந்தபோது குழந்தைகளாக இருந்தவர்கள். இனி வருங்காலத்தில் நேரிற் கண்டவரின் குரல் பதிவாகவும், கேட்டவரின் சொல் நினைவாகவும் மட்டுமே எஞ்சும். எனவே கேட்ட இளையோர் எவ்வாறு மறுமொழி கூறினர் என்பது கல்வியியலாரின் வினா மட்டுமன்று. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் எதிர்கொள்ள வேண்டிய வினாவும் ஆகும்.

இம்மறுமொழிகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களைக் கையாளுகின்றனர். ஒன்று, கேட்டவர் எவ்வளவு நெகிழ்ந்தார் என்பது. மற்றொன்று, கேட்டபின் என்ன உறுதி பூண்டார் என்பது. இரண்டும் கேட்டவரின் மனநிலையை அளப்பன. அவர் கேட்ட செய்தி அவரிடத்து என்னவாயிற்று என்பதை அளப்பன அல்ல. மறுமொழியின் மொழிவடிவத்தை நோக்கினால் மூன்றாவது அளவுகோல் ஒன்று புலப்படும். ஒரு மறுமொழி திருத்தப்படக் கூடியதாக அமைந்துள்ளதா, அன்றித் திருத்தத்திற்கு இடமளிக்காததாக அமைந்துள்ளதா என்பதே அது. இக்கட்டுரை அவ்வளவுகோலை முன்வைத்து, இப்பொருள் குறித்த சில முதன்மையான எழுத்துகளை மதிப்பிடுகிறது.

2. 'கேள்' என்னும் வினையும் 'பகிர்தல்' என்னும் தொடரும்

தமிழில் 'கேள்' என்னும் ஒரே வினை மூன்று செயல்களைக் குறிக்கிறது. 'அவர் கூறியதைக் கேட்டான்' என்பதில் செவிமடுத்தல். 'அவரிடம் கேட்டான்' என்பதில் வினவுதல். 'அவர் சொல் கேட்டான்' என்பதில் கீழ்ப்படிதல். இதனின்று பிறந்த 'கேள்வி' என்னும் பெயர் இன்றைய வழக்கில் வினாவையே பெரிதும் சுட்டினும், திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பில் அது செவிவழிப் பெறும் அறிவைக் குறிக்கிறது. செவிமடுத்தலும் வினவுதலும் ஒரு சொல்லுள் அடங்கியிருப்பதைத் தற்செயல் எனக் கொள்ளினும், அவை தம்முள் பிரிக்க இயலாதவை என்பதை உயிர்தப்பியோர் கூட்டங்களின் வரலாறு காட்டுகிறது. கல்வி நிறுவனங்கள் இளையோரிடம் முதலில் எதிர்பார்ப்பது செவிமடுத்தல். இறுதியில் எதிர்பார்ப்பது அறிவுரைக்குக் கீழ்ப்படிதல். இடையில் உள்ள வினவுதலுக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சியின் கடைசி நிமிடங்களே ஒதுக்கப்படுகின்றன.

'அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளுதல்' என்று தமிழில் பரவலாக வழங்கும் தொடரும் இங்கு ஆய்வுக்குரியது. பகிர்தல் என்பது பங்கிடுதல். பங்கிட்டபின் ஒரு பகுதி பெற்றவர் கையில் இருக்கும். உயிர்தப்பியோர் கூற்றைக் கேட்டவர் கையில் அவரது அனுபவத்தின் பங்கு எதுவும் வந்து சேர்வதில்லை. அனுபவத்திற்குத் தமிழில் 'பட்டறிவு' என்றொரு சொல் உண்டு. பட்டு அறிந்தது பட்டவருக்கே உரியது. கேட்டவருக்கு வாய்ப்பது கேள்வியறிவு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் மயக்கமே, இளையோர் மறுமொழி பற்றிய எழுத்துகளிற் காணப்படும் பல சிக்கல்களுக்குக் காரணம் எனலாம்.

3. வாய்பாட்டு மறுமொழிகள்

கேட்போர் மிகுதியாகக் கூறும் தொடர்கள் சில உண்டு. 'கற்பனை செய்யவே இயலவில்லை', 'இனி ஒருபோதும் நிகழக் கூடாது', 'இது மனித உள்ளத்தின் வெற்றி' என்பன அவை. கருத்தாடல் நோக்கில் இவை யாவும் உரையாடலை முடித்துவைக்கும் தொடர்கள். இவற்றுக்குப் பின் கூறுவோர் நன்றி தெரிவிக்கலாமேயன்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. இவற்றுள் பொய் எதுவும் இல்லை. எனவே திருத்தத்தக்கதும் எதுவும் இல்லை. கேட்ட கூற்று வேறொன்றாக இருந்திருப்பினும் இத்தொடர்கள் மாறா.

இக்குறை இளையோருக்கு மட்டும் உரியதன்று. யேல் பல்கலைக்கழகத்தின் ஒளிப்பதிவுக் காப்பகம் 1979-இல் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய முயற்சியினின்று வளர்ந்தது. இன்று அதில் 4,400க்கும் மேற்பட்ட சான்றுரைகள் உள்ளன. அப்பதிவுகளை ஆராய்ந்து 1991-இல் நூல் வெளியிட்ட லாரன்ஸ் லாங்கர், பயிற்சி பெற்ற நேர்காணலாளரும் இவ்வழியிற் சறுக்குவதைச் சுட்டிக்காட்டினார். ஒரு பதிவில் நேர்காணலாளர் தம் முன் அமர்ந்த பெண்மணியின் நெஞ்சுரத்தைப் பாராட்டுகிறார். அப்பெண்மணி அதனை உடனே மறுத்து, அது உரம் அன்று, வெறும் அறியாமை என்னும் பொருள்படக் கூறுகிறார். நேர்காணலாளர்கள் சிரித்து அம்மறுப்பைக் கடந்துவிடுகின்றனர். கூறுபவர் தம் சொல்லைத் தாமே தெரிவு செய்து தருகிறார். கேட்பவரோ தாம் கொண்டுவந்த சொல்லையே திரும்ப எடுத்துச் செல்கிறார். வீரம், மீட்சி, வெற்றி முதலிய சொற்கள் கேட்போரின் தேவைக்கு உரியன என்று லாங்கர் கொண்ட முடிவு வலுவுடையது.

பணிவான மௌனமும் வாய்பாடாகிவிடலாம் என்பதை ரூத் க்ளூகர் உணர்த்தினார். 1931-இல் வியன்னாவிற் பிறந்து தெரேசியன்ஸ்டாட், அவுஷ்விட்ஸ் முகாம்களைக் கடந்து வந்த அவர், 1992-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட தன்வரலாற்றில் ஓர் உரையாடலைக் குறிப்பிடுகிறார். நண்பர்கள் கூடியிருந்தபோது அடைபட்ட இடங்களில் தோன்றும் அச்சத்தைப் பற்றிப் பேச்சு எழுகிறது. ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்ததைக் கூறுகின்றனர். க்ளூகருக்கும் கூற ஒன்று இருந்தது: முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சரக்கு இரயில் பெட்டி. அதைச் சொன்னால் பேச்சே நின்றுவிடும் என்பதை உணர்ந்து அவர் அடங்கிவிடுகிறார். கேட்போரின் பயபக்தி கூறுவோரை உரையாடலிலிருந்து வெளியேற்றுகிறது. அவருடைய நினைவு பிறர் நினைவுகளோடு ஒப்பிடத் தகாததாக உயர்த்தப்படும்போது, அது பேசத் தகாததாகவும் ஆகிவிடுகிறது.

4. மௌனமும் இடமாற்றமும்

வாய்பாட்டிற்கு எதிர்முனையில் இருப்பது ஷோஷானா ஃபெல்மன் விவரிக்கும் மறுமொழி. 1984-இன் இலையுதிர்காலப் பருவத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் சான்றுரையும் குறித்து அவர் பாடம் நடத்தினார். இலக்கியப் படைப்புகளைப் பயின்றபின் மாணவர்கள் மேற்கூறிய காப்பகத்தின் ஒளிப்பதிவுகளைக் கண்டனர். வகுப்பில் அவர்களால் பேச இயலவில்லை. வகுப்புக்கு வெளியிலோ ஓயாது அதையே பேசினர். ஆனால் தம் பேச்சு எவரையும் எட்டவில்லை என்னும் தனிமையும் அவர்களைப் பற்றியது. ஃபெல்மன், தாமே உயிர்தப்பியவரும் உளவியல் மருத்துவருமான டோரி லாபுடன் கலந்து ஆலோசித்து மாணவர்களிடம் உரையாற்றினார். இறுதிக் கட்டுரையைத் தம் சான்றுரையாக எழுதுமாறு பணித்தார். இவ்விருவரும் இணைந்து 1992-இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சி ஒரு கற்பித்தல் வெற்றியாக இடம்பெறுகிறது.

மாணவர்களின் கலக்கம் உண்மையானது என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்விவரிப்பில் ஓர் இடமாற்றம் நிகழ்கிறது. பேச இயலாமை முதலில் உயிர்தப்பியவருக்கு உரியது; பிறகு அது மாணவர்களுக்கு உரியதாகிறது. சான்றுரை என்னும் சொல்லும் ஒளிப்பதிவிலிருந்து தேர்வுக் கட்டுரைக்குப் பெயர்கிறது. இறுதியில் வாசகர் அறிவது மாணவர்களின் நெருக்கடியையே. ஒளிப்பதிவிற் பேசியவர் சொன்னது பின்னணிக்குச் சென்றுவிடுகிறது. டொமினிக் லக்காப்ரா 2001-இல் இத்தகைய போக்கிற்கு மாற்றாக, கேட்பவர் பிறர் துயரால் நிலைகுலையலாம், ஆனால் அத்துயரைத் தமதெனக் கொள்ளலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். மொழியியல் நோக்கில் இதனை இடப்பெயரின் சிக்கலாகக் கூறலாம். படர்க்கைக்கு உரியது தன்மைக்கு மாறினால், கேட்டது கேட்டதாக எஞ்சுவதில்லை. தன் உணர்வைக் கூறும் தன்மைக் கூற்றைப் பிறர் எவரும் திருத்தவும் இயலாது.

5. சிறுவன் கேட்ட வரைபடம்

இவ்விரு வகையிலும் அடங்காத மறுமொழி ஒன்றைப் பிரிமோ லெவி 1986-இல் வெளியிட்ட தம் இறுதிக் கட்டுரை நூலிற் பதிவு செய்துள்ளார். 1944 பிப்ரவரியில் இத்தாலியிலிருந்து அவுஷ்விட்சுக்கு அனுப்பப்பட்ட அவர், விடுதலைக்குப் பின் பல ஆண்டுகள் பள்ளிகளுக்குச் சென்று பேசினார். தம் முதல் நூலின் பள்ளிப் பதிப்பிற்கு 1976-இல் அவர் எழுதிய பின்னிணைப்பு, இளைய வாசகர் ஓயாது எழுப்பிய வினாக்களுக்கு விடையாக அமைந்ததே. அவ்வினாக்களுள் தலையாயது: ஏன் தப்பி ஓடவில்லை?

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இவ்வினாவை எழுப்பியதோடு நிற்கவில்லை. முகாமின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டுமாறு கேட்டான். காவற்கோபுரங்கள், வாயில்கள், முள்வேலி, மின்நிலையம் ஆகியவற்றை லெவி குறித்துக் காட்டினார். சற்று நேரம் ஆராய்ந்தபின் சிறுவன் ஒரு திட்டம் கூறினான். காவலனைக் கொன்று அவன் உடையை அணிந்துகொள்ள வேண்டும். மின்நிலையத்திற்கு ஓடி மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். விளக்குகள் அணையும், வேலியும் செயலிழக்கும். பிறகு நடந்து வெளியேறலாம். மீண்டும் இப்படி நேர்ந்தால் தான் சொன்னபடி செய்யுமாறு அவன் லெவிக்கு மனமார அறிவுரையும் கூறினான்.

லெவி இந்நிகழ்ச்சியை, உண்மையாக நிகழ்ந்தவற்றுக்கும் நூல்களாலும் திரைப்படங்களாலும் ஊட்டப்பெற்ற இளையோர் கற்பனைக்கும் இடையே விரிந்துவரும் இடைவெளிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அம்மதிப்பீடு சரியானதே. ஆனால் அது முழுமையானதன்று. சிறுவனின் திட்டம் பிழையானது. அதனாலேயே அது பயனுடையது. ஒவ்வொரு படியிலும் அது எங்கே தவறுகிறது என்று சுட்டிக்காட்ட முடியும். பசியால் நலிந்தவருக்கு ஓட வலிமை ஏது? மழித்த தலையும் மரக்காலணியும் கைதியைக் காட்டிக்கொடுக்காவா? வேலிக்கு அப்பால் மொழியறியா நாட்டில் அடைக்கலம் தருபவர் யார்? ஒருவர் தப்பினால் எஞ்சியோர் அடையும் தண்டனை என்ன? 1944-இல் தப்பிச் சென்று பிடிபட்டு மாண்ட மாலா ஸிமெட்பாமின் வரலாற்றை லெவி இவ்விடத்திலேயே விரிவாகக் கூறுகிறார். அதாவது, லெவியின் மிகத் தெளிவான விளக்கங்களுள் ஒன்றை வெளிக்கொணர்ந்தது இத்தகைய பிழையான வினாவே.

இங்கே 'பசி' என்னும் சொல்லை நோக்கலாம். முகாமின் பசியையும் குளிரையும் களைப்பையும் குறிக்க விடுதலை பெற்ற மனிதரின் சொற்கள் போதா என்பதை லெவி தம் முதல் நூலிலேயே விளக்கினார். சொல் ஒன்று, சுட்டப்படுவது வேறு. நெகிழ்ந்து கேட்பவர் இவ்வேறுபாட்டை உணராமலே சொல்லைப் புரிந்துகொண்டதாகக் கருதக்கூடும். சிறுவனோ தன் உலகத்துப் பொருளோடு அச்சொற்களைக் கையாண்டு காட்டினான். ஆகவே வேறுபாடு வெளிப்பட்டது. 'கற்பனை செய்ய இயலவில்லை' என்றவர் எதையும் கற்பனை செய்யவில்லை. அவன் கற்பனை செய்தான், தவறாகச் செய்தான், திருத்தம் பெறும் நிலையில் இருந்தான்.

6. வினைமுதல் யார்

இங்கிலாந்தில் 1991 முதல் இப்பொருள் தேசியப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் பேரழிப்புக் கல்வி மையம் 11 முதல் 18 வயது வரையிலான 9,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 2016-இல் வெளியிட்டது. இது உயிர்தப்பியோரைக் கேட்டவர்களை மட்டும் பற்றியதன்று. ஆயினும் அவர்களை எவ்வகை அறிவோடு இளையோர் கேட்கின்றனர் என்பதை உணர்த்துகிறது. யூத வெறுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பொருளை 68 விழுக்காட்டினர் அறிந்திருக்கவில்லை. நிகழ்ந்த யாவற்றிற்கும் ஹிட்லர் ஒருவரையே பொறுப்பாக்கும் போக்கும் பரவலாகக் காணப்பட்டது.

இப்போக்கில் ஓர் இலக்கணம் உள்ளது. 'யூதர்கள் கொல்லப்பட்டனர்' என்னும் செயப்பாட்டுத் தொடரில் வினைமுதல் இல்லை. 'ஹிட்லர் கொன்றான்' என்னும் தொடரில் வினைமுதல் ஒருவனாகச் சுருங்குகிறது. தமிழில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. எழுவாய் தோன்றாவிடினும் 'கொன்றார்கள்' என்னும் வினைமுற்றின் விகுதி, செய்தவர் பலர், அவர்கள் மனிதர் என்பதை மறைக்க விடுவதில்லை. அவ்விகுதியே 'யார் அவர்கள்?' என்னும் வினாவைத் தூண்டும். உயிர்தப்பியோர் கூற்றுகள் இவ்வினாவிற்கு விடை நிரம்பியவை. பட்டியல் எழுதிய அலுவலர், இரயிலை ஓட்டியவர், வீட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்ட அண்டை வீட்டார், பேசுவதை நிறுத்திக்கொண்ட வகுப்புத் தோழர் எனப் பலர் அவற்றில் வருகின்றனர். நெகிழ்ச்சியை மட்டும் நாடிக் கேட்பவர் செவியில் இச்சிறு வினைமுதல்கள் விழுவதில்லை.

7. மொழிபெயர்ப்பாளர் என்னும் கேட்போர்

1946-இல் சிகாகோவைச் சேர்ந்த உளவியலாளர் டேவிட் போடர், கம்பி ஒலிப்பதிவுக் கருவியுடன் ஐரோப்பா சென்று, புகலிட முகாம்களில் இருந்தோரை ஒன்பது மொழிகளிற் பதிவு செய்தார். அவரும் முகாம்களைப் பற்றிச் சிறிதே அறிந்து வினவியவர்தாம். 1949-இல் அவற்றுட் சிலவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, கூறுவோரின் முறிந்த தொடர்களை அவர் சீர்படுத்தவில்லை. சிதைந்த தொடரும் நிகழ்ந்ததற்கான சான்று என்பது அவர் நிலைப்பாடு. க்ளூகரோ தம் நூலைப் பிறர் மொழிபெயர்ப்பதினும் தாமே ஆங்கிலத்தில் மாற்றி எழுதுவதை விரும்பி 2001-இல் வெளியிட்டார். கேட்பவர் மாறினால் கூற்றும் மாறும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

தமிழில் பெயர்ப்பவருக்கு இரு சிக்கல்கள் சிறப்பாக எழுகின்றன. முதலாவது தன்மைப் பன்மை. ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், எபிரேயம், இத்திஷ் ஆகிய மொழிகளில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழில் கேட்போரை உளப்படுத்தும் 'நாம்' வேறு. உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. உயிர்தப்பிய ஒருவர் மாணவரிடம் தாம் பசித்திருந்ததையும், இரயில் செல்லுமிடம் தெரியாதிருந்ததையும், இத்தகைய நிகழ்ச்சிக்கு இனி இடந்தரலாகாது என்பதையும் ஒரே பன்மைப் பெயராற் கூறுவதாகக் கொள்வோர், தமிழில் முதலிரண்டிற்கும் 'நாங்கள்' என்றே எழுதுவர். அந்த 'நாங்கள்' என்பதனுள் மீளாதவர்களும் அடங்குவர். மூன்றாவதற்கு 'நாம்' என்று எழுதினால் மாணவர் பொறுப்பினுள் சேர்க்கப்படுகின்றனர். 'நாங்கள்' என்று எழுதினால் பொறுப்பு உயிர்தப்பியோரிடமே தங்கிவிடுகிறது. மூலம் திறந்து வைத்ததைத் தமிழ் முடிவு செய்தாக வேண்டும். கேட்ட மாணவர் தம் மறுமொழியில் முதல் 'நாங்கள்' என்பதை 'நாம்' ஆக்கிக்கொள்வது மேலே கண்ட இடமாற்றமே ஆகும்.

இரண்டாவது, கேட்டதைக் கேட்டதாகக் கூறும் முறை. சாட்சியைக் கேட்பவரும் சாட்சியாகிறார் என்னும் கருத்து எலீ வீசலின் பெயரோடு இணைத்துப் பெரிதும் வழங்கப்படுகிறது. அறநோக்கில் அது ஊக்கமளிப்பது. ஆனால் கண்டதையும் கேட்டதையும் வேறுபடுத்தும் மொழிக்கு அது முழுதும் பொருந்தாது. 'ஏற்றினார்கள்' என்றால் கூறுபவரே பொறுப்பேற்கிறார். 'ஏற்றினார்களாம்' என்றால் செய்தி பிறர் வாய்வழி வந்தது என்பதோடு, அதற்குப் பொறுப்பேற்காத தொனியும் சில இடங்களில் ஐயமும் ஏளனமும் சேர்கின்றன. பேரழிப்பை மறுப்போர் உள்ள காலத்தில் இந்த 'ஆம்' ஊறு விளைவிக்கும். 'ஏற்றினார்கள் என்று கூறினார்' என்னும் வடிவமோ சொன்னவரையும் காக்கிறது. கேட்டவரின் இடத்தையும் மறைப்பதில்லை.

ஐயம் எழுமோ என்னும் அச்சத்தால் வினாக்களைத் தடுப்பதும் தேவையற்றது. மறுப்பாளர் டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கில் 2000 ஏப்ரலில் லண்டன் உயர்நீதிமன்றம் டெபோரா லிப்ஸ்டாட்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் எதிர்த்தரப்பினர் உயிர்தப்பியோர் எவரையும் சாட்சியாக அழைக்கவில்லை. ஆவணங்களும் வரலாற்றறிஞருமே போதுமானவையாக இருந்தன. கூற்றிலுள்ள ஒரு விவரம் பிழைபட்டாலும் வரலாறு சரிவதில்லை. 1944 அக்டோபர் 7 அன்று பிர்கனாவில் நிகழ்ந்த கைதிகளின் எழுச்சியை நினைவுகூர்ந்த பெண்மணி ஒருவர் நான்கு புகைபோக்கிகள் வெடித்ததாகக் கூறினார் என்றும், தகர்ந்தது ஒன்றே என்று வரலாற்றறிஞர் அக்கூற்றைத் தள்ளினர் என்றும் லாப் எழுதினார். அவர் சான்று பகர்ந்தது எண்ணிக்கைக்கு அன்று, நிகழவே முடியாதெனப்பட்டது நிகழ்ந்ததற்கு என்பது லாபின் வாதம். 2008-இல் தாமஸ் ட்ரெசைஸ் இவ்வாசிப்பையும் கேள்விக்குள்ளாக்கினார். கூற்று, அதன் திருத்தம், திருத்தத்தின் மீதான விவாதம் ஆகிய மூன்றையும் மாணவர்க்குக் காட்டுவதால் சாட்சியின் மதிப்புக் குறைவதில்லை.

8. பதிவு செய்த விடைகள்

1994-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் நிறுவிய ஷோவா அறநிறுவனம் 50,000க்கும் மேற்பட்ட சான்றுரைகளை ஒளிப்பதிவு செய்தது. அண்மைக்காலத்தில் அந்நிறுவனம், பின்காஸ் குட்டர் முதலிய சிலரிடம் நூற்றுக்கணக்கான வினாக்களைத் தொடுத்து விடைகளைப் பதிந்து, பார்வையாளர் வினவும்போது பொருத்தமான விடை திரையில் தோன்றுமாறு அமைத்துள்ளது. இளையோரின் வினவும் உரிமையை இம்முறை மதிக்கிறது. அதன் எல்லையும் வெளிப்படையானது. வினா புதியதாயின் விடை இல்லை. வினா தவறாயின், அத்தவறு முன்னரே எதிர்பார்க்கப்பட்டதாக இருந்தாலன்றித் திருத்துவார் இல்லை. லெவி சிறுவனின் திட்டத்தைக் கேட்டார். திரையில் உள்ளவர் அதைக் கேட்க இயலாது. அவ்விடத்தை இனி ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளருமே நிரப்ப வேண்டியிருக்கும்.

9. முடிவுரை

இளையோர் மறுமொழியை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். சொன்னவர் யார் என்பது அதில் நிலைத்துள்ளதா? 'நாங்கள்' என்பது 'நாங்கள்' என்றே எஞ்சியுள்ளதா? இந்தக் கூற்றைக் கேட்டிராவிடின் எழுந்திராத ஒன்று அதில் உள்ளதா? கண்ணீரும் உறுதிமொழியும் இம்மூன்றையும் நிறைவு செய்யாமலே தோன்றக்கூடும். பட்டறிவு பட்டவரோடு முடியும். கேள்வியறிவோ வினவுவோர் உள்ளவரை திருத்தம் பெற்று நிலைக்கும். உயிர்தப்பியோர் கூட்டங்களை நடத்துவோரும் அவர்தம் கூற்றுகளைத் தமிழில் தருவோரும், இளையோரை உருக்குவதினும் வினவச் செய்வதையே முதற்கடமையாகக் கொள்ளுதல் தகும்.